பைபால்டா, ஸ்கியூபால்டா? குதிரை வாங்கியவரின் கேள்வி

கேள்வி: அந்தியூர் சந்தையில் வெள்ளையும் பழுப்பும் கலந்த, மார்வாரி இனப் பெட்டைக் குதிரை ஒன்று வாங்கினேன். வயது ஆறு. தரகர் கொடுத்த தாளைப் பார்த்து இன்சூரன்ஸ் படிவத்தில் நிறம் ‘பைபால்ட்’ என்று நிரப்பிவிட்டார்கள். கால்நடை மருத்துவர் சான்றிதழில் ‘ஸ்கியூபால்ட்’ என்று எழுதியிருக்கிறார். தரகரைக் கேட்டால், “வாலில் கறுப்பு இருக்கிறதே, ரெண்டும் ஒண்ணுதான்” என்கிறார். பின்னால் சிக்கல் வருமா?

பதில்: வரும். இப்போதே திருத்திவிடுங்கள். உங்கள் மருத்துவர் எழுதியதுதான் சரி.

கறுப்புத் திட்டும் வெள்ளையும் என்றால் பைபால்ட். கறுப்பு அல்லாத வேறு எந்த நிறத்தோடு வெள்ளை கலந்தாலும் ஸ்கியூபால்ட். அவ்வளவுதான். மேக்பை என்று கறுப்பு வெள்ளைப் பறவை ஒன்று உண்டு. அதன் பழைய பெயர் ‘பை’. ‘பால்ட்’ என்றால் இன்றைக்கு வழுக்கை, அந்தக் காலத்தில் வெள்ளைத் திட்டு. பால்ட் ஈகிள் கழுகுக்குத் தலை நிறைய வெள்ளை இறகு இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மேக்பையை நினைவில் வைத்துக்கொண்டால் குழப்பம் வராது.

வால் விஷயத்துக்கு வருவோம். உடல் செம்பழுப்பு, பிடரியும் வாலும் கறுப்பு என்றால் அந்த அடிப்படை நிறத்துக்குப் பெயர் பே. அதன்மேல் வெள்ளைத் திட்டு இருந்தால் ஸ்கியூபால்ட்தான். வாலில் நாலு கறுப்பு முடியைக் காட்டிப் பைபால்ட் என்பது தரகு வேலை. வட இந்திய வியாபாரிகளுக்கு இரண்டுமே ‘அப்லக்’. அதை ஆங்கிலத்தில் எழுதும்போது வாய்க்கு வந்ததை எழுதிவிடுகிறார்கள். அவர்களையும் முழுதாகக் குறை சொல்ல முடியாது. படிவத்தில் நிறத்துக்கு விட்டிருக்கும் இடம் கட்டைவிரல் அகலம். ஒரு குதிரையின் உடம்பை அதற்குள் எப்படி அடக்குவது? நான் ஒருமுறை ஒரு சான்றிதழில் ‘ஃப்ளீ பிட்டன் கிரே’ என்று எழுதினேன். வெள்ளை உடம்பில் பொடிப் பொடியாகப் பழுப்புப் புள்ளி இருந்தால் அப்படித்தான் சொல்வார்கள். அலுவலகத்தில் அதைப் படித்தவர், தெள்ளுப்பூச்சி கடித்த நோய்க் குதிரைக்கு இன்சூரன்ஸ் கிடையாது என்று திருப்பி அனுப்பிவிட்டார். மூன்று முறை நடந்தேன்.

இனி தரகர்கள் சங்கதி. மார்வாரி வளர்ப்பவர்களிடம் முழுக் கறுப்புக் குதிரை ராசியில்லை என்ற நம்பிக்கை உண்டு; திட்டுள்ளதற்கு மவுசு அதிகம். மவுசு இருக்கும் இடத்தில் சாயப் புட்டியும் இருக்கும். திட்டுள்ள குதிரையை ஈரத் துணியால் துடைத்துப் பாருங்கள். வெள்ளை முடிக்குக் கீழே தோல் ரோஜா நிறத்தில் இருக்க வேண்டும், நிற முடிக்குக் கீழே கருமையாக இருக்க வேண்டும். முடியை மாற்றலாம், தோலை மாற்ற முடியாது. கறுப்பு வெள்ளைக் குதிரைக்கு ‘பெயிண்ட்’ என்று பெயர் சொல்லி, வெளிநாட்டு ரத்தம் என்று விலை ஏற்றுபவரிடமும் கவனம். பெயிண்ட் என்பது அமெரிக்காவில் பெற்றோர் விவரத்தோடு பதிவு செய்யும் தனி இனம். நிறத்தை மட்டும் பார்த்து அந்தப் பெயர் கொடுக்க முடியாது.

வெயிலில் வெளுத்த கறுப்பும் பழுப்பாகத் தெரியும். மூக்கின் ஓரத்து மெல்லிய முடி கறுப்பாக இருந்தால் கறுப்பு, பழுப்பாக இருந்தால் பழுப்பு.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் நிறையப் பேர் ஏமாந்திருக்கிறார்கள், அதனால் விரிவாகச் சொல்கிறேன். வயது ஏற ஏற முடி நரைத்து வெள்ளையாகும் குதிரைக்குக் கிரே என்று பெயர். தாயோ தகப்பனோ கிரே என்றால் குட்டியும் நரைக்கலாம். கிரே குட்டி பிறக்கும்போது கருமையாகவோ பழுப்பாகவோதான் இருக்கும். முதலில் கண்ணைச் சுற்றி, முகத்தில் வெள்ளை முடி எட்டிப் பார்க்கும். அப்புறம் உடம்பெல்லாம் வட்ட வட்டமாக நிழல் விழுந்த மாதிரி ஒரு கட்டம். அதைத்தான் டேப்பிள் கிரே என்கிறார்கள். அந்த அழகுக்காகவே கூடுதல் விலை கொடுத்து வாங்குவார்கள், நாலைந்து வருடத்தில் வட்டம் எல்லாம் மறைந்து வெள்ளைக் குதிரை நிற்கும். இந்தக் குணம் திட்டுள்ள குதிரைக்கும் வந்தால் திட்டுகளும் சேர்ந்து நரைத்துவிடும். தாளில் ஸ்கியூபால்ட், லாயத்தில் வெள்ளை. அப்போதும் தண்ணீர் ஊற்றி நனைத்தால் தோலின் இரண்டு நிறமும் வரைபடம் போலத் தெரியும், ஆனால் அதைப் பார்க்க எந்த அதிகாரி வாளியோடு வரப்போகிறார்? உங்கள் குதிரைக்கு இந்தக் குணம் இருந்தால், ஆறு வயதுக்குள் நரை ஆரம்பித்திருக்க வேண்டும். கண்ணோரம் பாருங்கள். ஆறு வயது என்பதும் தரகர் சொன்னதுதானே? பல்லைப் பார்த்து வயது சொல்ல மருத்துவரைக் கேளுங்கள்.

சரி, செய்ய வேண்டியது: மருத்துவர் சான்றிதழை இணைத்து, நிறத்தைத் திருத்தி எண்டார்ஸ்மென்ட் (பாலிசியில் செய்த திருத்தத்தைக் காட்டும் இணைப்புத் தாள்) தரும்படி இன்சூரன்ஸ் அலுவலகத்துக்குக் கடிதம் கொடுங்கள். நகலில் முத்திரை வாங்காமல் வராதீர்கள். இடப்பக்கம், வலப்பக்கம், முகம், நான்கு கால் எல்லாம் தெரியும்படி தேதியோடு படம் எடுத்துச் சேருங்கள். பிரிட்டனில் குதிரைக்குப் பாஸ்போர்ட் உண்டு. அதில் குதிரையின் உருவக் கோட்டுப்படத்தில் வெள்ளை எங்கெங்கே இருக்கிறது என்று வரைந்து, சுழி இருக்கும் இடத்தில் பெருக்கல் குறி போடுகிறார்கள். நம் ஆட்கள் சுழி பார்த்து ராசி சொல்வார்கள், அவர்கள் அதே சுழியை வைத்து அடையாளம் சொல்கிறார்கள். உங்கள் மருத்துவரிடம் அப்படி ஒரு படம் வரைந்து வாங்குங்கள். முடிந்தால் கழுத்தின் இடப்பக்கம் மைக்ரோசிப் வைத்து, அதன் 15 இலக்க எண்ணைப் பாலிசியில் ஏற்றச் சொல்லுங்கள். இதையெல்லாம் “நான் முடித்துத் தருகிறேன்” என்று தரகர் வந்தால், அசல் தாள்களை மட்டும் அவர் கையில் கொடுக்காதீர்கள்.