டெல்லி – டோக்கியோ: போகும்போது ஏழே முக்கால், திரும்பும்போது ஒன்பதரை

கேள்வி: டெல்லியிலிருந்து டோக்கியோ எவ்வளவு தூரம்? எத்தனை மணி நேரம் ஆகும்?

நேராக அளந்தால் ஏறக்குறைய 5,850 கிலோமீட்டர். இடையில் நிற்காத விமானத்தில் போக ஏழரை முதல் எட்டு மணி நேரம், திரும்பி வர ஒன்பது முதல் பத்து.

கேள்வி: ஒரே தூரம்தானே, வரும்போது மட்டும் ஏன் இவ்வளவு கூடுகிறது?

காற்றுதான் காரணம். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஒரு காற்றாறு ஓடுகிறது, ஜெட் ஸ்ட்ரீம் என்பார்கள். குளிர்காலத்தில் ஜப்பானுக்கு மேலே அது மணிக்கு 300 கிலோமீட்டரைக்கூடத் தாண்டும். 1920களிலேயே பலூன் விட்டு இதை அளந்தவர் வாசபுரோ ஓய்ஷி என்ற ஜப்பானிய வானிலை அறிஞர். அறிக்கையை எஸ்பெராண்டோ என்ற, சிலரே அறிந்த செயற்கை மொழியில் எழுதியதால் வெளியுலகம் பெரிதாகக் கவனிக்கவில்லை. இன்றும் எனக்கு அதில் வருத்தம் உண்டு.

அடுத்த முறை இருக்கைத் திரையில் தரைவேகத்தைப் பாருங்கள். விமானத்தின் சொந்த வேகம் 900 என்றால், 200 கிலோமீட்டர் காற்று முதுகில் தள்ளும்போது 1,100 காட்டும். அதே காற்று எதிரே வந்தால் 700தான். கோடையில் இந்தக் காற்று தளர்ந்து வடக்கே நகர்ந்துவிடும், அப்போது இரண்டு பயணத்துக்கும் உள்ள வித்தியாசம் குறையும்.

கேள்வி: உலக உருண்டையில் நூல் வைத்துப் பார்த்தேன், திபெத் வழியாகப் போகிறது. விமானம் ஏன் வங்கதேசம், மியான்மர் பக்கம் சுற்றுகிறது?

நூல் வைத்துப் பார்த்தீர்களே, அதுதான் சரியான முறை! ஆனால் கேபினில் காற்றழுத்தம் போனால் விமானம் உடனே 10,000 அடிக்கு இறங்க வேண்டும். பயணிகளின் முகமூடியில் பெரும்பாலும் கால் மணி நேரத்துக்கு ஒட்டித்தான் ஆக்சிஜன் வரும். திபெத்தில் தரையே சராசரியாக 14,000 அடிக்கு மேல். எங்கே இறங்குவது? அதனால்தான் தெற்கே சுற்றுகிறார்கள். அந்தக் கூடுதல் நிமிடங்களை நான் குறை சொல்லவே மாட்டேன்.

கேள்வி: இரவு 8 மணிக்குக் கிளம்பினால் அங்கே எத்தனை மணிக்குப் போய்ச் சேருவேன்?

ஜப்பான் நேரம் நம்மைவிட மூன்றரை மணி முன்னால். ஏழே முக்கால் மணி நேரப் பயணம் என்றால் நம் கணக்கில் அதிகாலை 3:45, அங்கே காலை 7:15.

கேள்வி: டிக்கெட்டில் 7:45 என்று இருந்தது, விமானி ஏழு மணி நேரம்தான் என்றாரே?

டிக்கெட்டில் இருப்பது விமானம் கிளம்பும் வாசலிலிருந்து (கேட்) போய் நிற்கும் வாசல் வரை, ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும் சேர்த்து. விமானி சொல்வது வானில் பறக்கும் நேரம்.

கேள்வி: டோக்கியோவில் எந்த விமான நிலையம், நரிதாவா, ஹனேடாவா?

கட்டணம் ஒன்றென்றால் ஹனேடா. நகரத்துக்குப் பக்கம். நரிதாவிலிருந்து ரயிலிலேயே ஏறக்குறைய ஒரு மணி நேரம்.

கேள்வி: ஜனவரியில் திரும்புகிறேன். டெல்லியில் இறங்கி ஒன்றரை மணி நேரத்தில் உள்நாட்டு விமானம். போதுமா?

போதாது, தயவுசெய்து மாற்றிவிடுங்கள். எதிர்க்காற்று உச்சத்தில் இருக்கும் மாதம் அது. இறங்கியதும் குடிவரவு வரிசை, பெட்டியை எடுப்பது, சுங்கம், அப்புறம் மறுபடி பெட்டியை ஒப்படைப்பது. நான்கு மணி நேரமாவது வையுங்கள். அந்த உள்நாட்டு விமானம் இரவிலோ விடிகாலையிலோ என்றால் டெல்லி மூடுபனியையும் கணக்கில் எடுங்கள்.