மிளாவின் புழு ஆட்டுக்கு வருமா?

மழை தொடங்கியதும் குடற்புழு பற்றிய கேள்விகள் குவிந்துவிடுகின்றன. இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் நம் கன்னியாகுமரி. புழுவின் இளம்பருவத்துக்கு அந்த ஈரமே போதும்.

ரப்பர் தோட்டத்தில் என் ஆடுகள் மேய்கின்றன. இரவில் அங்கே மிளா மான் வருகிறது. அதன் குடற்புழு ஆட்டுக்குத் தொற்றுமா? (தடிக்காரன்கோணம்)

சில புழுக்கள் தொற்றும். பல புழுக்களுக்கு இன்ன விலங்கு என்ற கணக்கு உண்டு. யானைக் குடலில் வாழும் முர்ஷிடியா உங்கள் ஆட்டில் தங்காது. ஆனால் ஹீமாங்கஸ் என்னும் இரத்தம் உறிஞ்சும் உருளைப்புழு ஆடு, மாடு, மான் என்று அசைபோடுகிற இனங்களுக்குள் இடம் மாறும்.

நீங்கள் கேட்காத மறுபாதிதான் எனக்குப் பெரிய கவலை. ஒரு பெண் ஹீமாங்கஸ் ஒரு நாளில் 5,000 முட்டைகளுக்கு மேல் இடும். மந்தை மேய்ந்துபோன புல்லை இரவில் மிளா கடிக்கிறது. உங்கள் ஆட்டுக்கு மருந்தகம் இருக்கிறது. மிளாவுக்கு யார் இருக்கிறார்கள்? காட்டோரத்தில் மேய்ப்பவர்கள் மந்தையின் புழுவைக் கட்டுக்குள் வைப்பது காட்டுக்கும் செய்கிற உதவி. புழுக்கையில் விழுந்த முட்டை பொரித்து, ஏறக்குறைய ஒரு வாரத்தில் தொற்றும் பருவத்தை அடைந்து, பனிநீரைப் பற்றிக்கொண்டு புல்லில் ஏறும். ரப்பர் நிழலில் அந்த ஈரம் சீக்கிரம் காயாது. நன்றாக வெயில் ஏறிய பிறகே ஆடுகளை அவிழ்த்துவிடுங்கள்.

என் ஆட்டுக்குத் தாடை வீங்கியிருக்கிறது. கழிச்சல் இல்லாததால் புழுவாக இருக்காது என்கிறார் பக்கத்து வீட்டு அண்ணன். (பூதப்பாண்டி)

அவர் சொல்வதை நம்பி ஒரு நாள்கூடக் காத்திருக்காதீர்கள். ஹீமாங்கஸ் தாக்கிய ஆடு பெரும்பாலும் கழியாது. இரத்தம் குறைந்து, தாடைக்கடியில் நீர் கோத்துக்கொள்ளும். கீழ் இமையை மெல்ல இழுத்துப் பாருங்கள்: செம்பருத்திச் சிவப்பு என்றால் நல்லது, சுண்ணாம்பாய் வெளுத்திருந்தால் ஆபத்து. இறந்த ஆடுகளின் நாலாம் இரைப்பையைத் திறந்து பலமுறை பார்த்திருக்கிறேன். இரத்தம் நிறைந்த சிவப்புக் குடலை வெள்ளைக் கருப்பை சுற்றியிருப்பதால், ஒவ்வொரு பெண் புழுவும் இருநிற நூலை முறுக்கியதுபோல் இருக்கும். சில வேளைகளில் சளிச்சவ்வே தெரியாத அளவுக்கு அவை நெளியும்.

இன்றே கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோங்கள். மந்தையில் மற்ற ஆடுகளின் புழுக்கையையும் எடுத்துச் செல்லுங்கள். தரையில் கிடந்ததை அல்ல, அப்போது போட்டதை. கண்ணை மூடிக்கொண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதே மருந்தை ஊற்றுவதால்தான் மருந்துக்கு மடியாத புழுக்கள் பெருகுகின்றன. எடை குத்துமதிப்பாகப் பார்த்துக் குறைவாக ஊற்றினாலும் இதுதான் நடக்கும்.

குளத்தோரம் மேயும் மாட்டுக்குப் பூச்சி மாத்திரை கொடுத்தும் தேறவில்லை. நத்தைகளை மருந்து போட்டு அழிக்கலாமா? (தேரூர்)

வேண்டவே வேண்டாம். ஈரல் தட்டைப்புழுவும் இரைப்பைத் தட்டைப்புழுவும் நத்தைக்குள் வளர்ந்துதான் மாட்டுக்கு வருகின்றன என்பது உண்மை. ஆனால் தேரூர்க் குளத்தில் நஞ்சு கலந்தால் நத்தை குத்தி நாரையும் மீனும் சேர்ந்து போகும். உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2022-இல் இடம்பெற்ற நீர்நிலை அது. நீர் மட்டத்தில் அறுத்த புல்லைப் பச்சையாகப் போடாதீர்கள். உருளைப்புழுவுக்கான மாத்திரைகள் பல, தட்டைப்புழுவை வழக்கமான அளவில் தொடுவதே இல்லை. சாணத்தில் எந்த முட்டை என்று பார்த்த பிறகு மருந்து வாங்குங்கள். மாடு சினை என்றால் அதையும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

பேச்சிப்பாறைப் பக்கம் யானைச் சாணத்தில் தடித்த புழுக்களைப் பார்த்தோம். யானைக்கு நோயா?

அதை வைத்து மட்டும் நோய் என்று சொல்ல முடியாது. யானை வயிற்றிலேயே வளர்ந்து, பிறகு வெளியேறி ஈயாக மாறும் கோபோல்டியா என்ற இனத்தின் புழுக்களாக அவை இருக்கலாம். புழுவே இல்லாத காட்டுயானையைத் தேடினால் கிடைப்பது கடினம். வயிறார உணவும் நடமாட இடமும் உள்ள யானை அவற்றைச் சுமந்துகொண்டே நலமாக வாழும். மெலிந்து, ஒதுங்கி நிற்கும் யானையைக் கண்டால் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

நாய் படுக்குமிடத்தில் அரிசிபோல் ஏதோ நெளிகிறது. (கருங்கல்)

நாடாப்புழுவின் துண்டுகள். நாயின் உடம்பிலுள்ள தெள்ளுப்பூச்சியை நாய் விழுங்குவதால் வருவது. மருந்து கொடுத்து, தெள்ளையும் ஒழியுங்கள். ஒன்றை மட்டும் செய்தால் அடுத்த மாதமே மீண்டும் எழுதுவீர்கள். ஆடு அறுத்த பச்சைக் குடலையும் ஈரலையும் நாய்க்குப் போடும் வழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள். அதன் வழியே வருகிற நீர்க்கட்டிப் புழு, நாய் மலத்திலிருந்து வீட்டுக் குழந்தையின் ஈரலில் போய்க் கட்டியாக வளரும்.