வாழ்க்கை தலைகீழான பிறகும் தேவனுடைய நோக்கத்தில் உண்மையாக நிலைத்திருப்பது எப்படி?

அப்பா படுத்த படுக்கையாகிவிட்டதால் வேதாகமக் கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு ஜவுளிக்கடை வேலைக்குப் போகிறேன், தேவன் என்னைக் குறித்து வைத்திருந்த திட்டம் இதோடு முடிந்துவிட்டதா, இனி அதில் எப்படி உண்மையாக இருப்பது என்று கேட்டிருக்கிறீர்கள், தம்பி. அந்தத் திட்டம் முடிந்துவிடவில்லை என்பதுதான் என் பதில். ஆனால் "விசுவாசமாயிரு, எல்லாம் நன்மைக்கே" என்று சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. அந்த வார்த்தைகளை நானும் நிறையக் கேட்டிருக்கிறேன். கேட்ட நேரத்தில் அவை எனக்கு உதவவில்லை.

நான் கேரள எல்லையில் களியக்காவிளைக்குப் பக்கத்தில் இருக்கிறேன். நர்சிங் படித்தவள். வட இந்தியாவில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் ஊழியம் செய்ய வேண்டும் என்பது ஓய்வுநாள் பள்ளிக் காலத்திலிருந்தே என் ஆசை. கல்யாணத்துக்குப் பிறகு என் கணவரும் சம்மதித்து, இருவருமாகப் போவதற்கு எழுதிப் போட்டிருந்தோம். அவர் கொத்தனார். எங்கள் பக்கத்து ஆண்கள் பலரையும் போலக் காலையில் பஸ் பிடித்து எல்லை தாண்டித் திருவனந்தபுரம் பக்கம் வேலைக்குப் போய் இரவில் திரும்புவார். ஒரு நாள் சாரம் சரிந்து கீழே விழுந்தார். முதுகுத்தண்டில் அடி. இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது.

அதன் பிறகு எங்கள் வீட்டில் நேரம் என்பதே வேறு கணக்காகிவிட்டது. இரவும் பகலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரைத் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். உணர்வில்லாத உடம்பு ஒரே பக்கம் அழுந்திக் கிடந்தால் அந்த இடத்துக்கு ரத்தம் போகாமல் படுக்கைப்புண் வந்துவிடும். முதுகின் அடிப்பகுதி, இடுப்பின் இரு பக்கங்கள், குதிகால் எங்கேயாவது சிவந்திருக்கிறதா என்று தினமும் நல்ல வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். சிறுநீர் டியூப், அதனால் வரும் தொற்று, காய்ச்சல். ஜெபிக்க முழங்கால் போட்டால் அப்படியே தூங்கிவிடுவேன். மிஷன் ஆஸ்பத்திரி பற்றி யாராவது பேச்செடுத்தால் எழுந்து அடுக்களைக்குப் போய்விடுவேன்.

அந்த நாட்களில் எனக்குக் கைகொடுத்தது வேதாகமத்தில் எரேமியா தீர்க்கதரிசியின் புத்தகம், 29-ஆம் அதிகாரம். நம் சபைகளில் புத்தாண்டு நள்ளிரவு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுப்போம் இல்லையா, அதில் அடிக்கடி வரும் வசனம் அந்த அதிகாரத்தின் 11-வது: "நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன்." அட்டையில் அது மட்டும்தான் இருக்கும். வேதத்தில் அது ஒரு கடிதத்தின் நடுவில் இருக்கிறது. பாபிலோனுக்குச் சிறைபிடித்துக்கொண்டு போகப்பட்டவர்களுக்கு எரேமியா எருசலேமிலிருந்து எழுதிய கடிதம். முந்தைய அதிகாரத்தில் அனனியா என்றொருவன் ஆலயத்தில் எல்லோர் முன்பாகவும் நின்று, இரண்டே வருடத்தில் எல்லாம் திரும்பி வந்துவிடும் என்று தீர்க்கதரிசனம் சொல்கிறான். கேட்க எவ்வளவு இனிப்பாக இருந்திருக்கும்! இன்றைக்கும் கன்வென்ஷன் பந்தல்களில் அந்தக் குரல் கேட்கிறது. எரேமியாவோ எழுபது வருடம் என்று எழுதுகிறார்.

எழுபது வருடம் என்றால் என்ன? அந்தக் கடிதத்தைக் கையில் வாங்கியவர்களில் பெரும்பாலோர் ஊர் திரும்பப் போவதில்லை. பாபிலோனிலேயே வயதாகிப் பாபிலோனிலேயே செத்துப்போவார்கள். அவர்களுக்குத்தான் தேவன் "வீடுகளைக் கட்டி, குடியிருந்து, தோட்டங்களை நாட்டி, அவைகளின் கனியைச் சாப்பிடுங்கள்" என்கிறார். பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள், நீங்கள் இருக்கிற அந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள், அதற்காக ஜெபம் பண்ணுங்கள் என்கிறார். 11-ஆம் வசனம் வருவது இவ்வளவும் சொன்ன பிறகுதான். அந்த மக்களைப் பொறுத்தவரை தேவனுடைய நோக்கம் எருசலேமில் பூட்டி வைக்கப்பட்டு அவர்கள் வருகைக்காகக் காத்திருக்கவில்லை. பாபிலோனில், அந்நியர் நடுவில், கையில் இருந்த மண்வெட்டியிலேயே அது தொடங்கியது. உங்களுக்கு நான் சொல்ல நினைப்பது இதைத்தான், தம்பி. ஜவுளிக்கடையும் அப்பாவின் கட்டிலும் உங்கள் அழைப்புக்கு வந்த தடை என்று தோன்றுகிறது. இப்போதைக்கு அழைப்பு அங்கேதான் இருக்கிறது.

இதை நான் வேதத்தில் வாசித்தது ஒரு பக்கம். அதை வாழ்ந்தவர் ஒருவரைப் பற்றி வேலூரில் கேள்விப்பட்டேன். திருவனந்தபுரத்தில் அறுவை சிகிச்சை முடிந்த பிறகு, சக்கர நாற்காலியில் ஏறி இறங்கவும் தன் வேலைகளைத் தானே பார்க்கவும் பழகுவதற்காக என் கணவரைப் பாகாயத்திலுள்ள சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) மறுவாழ்வு மையத்துக்குக் கொண்டுபோனோம். 1966-இல் தொடங்கிய இடம் அது. அதற்குக் காரணமாக இருந்த டாக்டர் மேரி வர்கீஸ் கொச்சிப் பக்கத்துக்காரர். சி.எம்.சி.யில் மருத்துவம் படித்து அங்கேயே பணியாற்றிக்கொண்டிருந்தபோது, 1954 ஜனவரியில் நடந்த கார் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்துவிட்டது. இன்னும் முப்பது வயதாகவில்லை. அறுவை சிகிச்சை மருத்துவராக வேண்டும் என்று இருந்தவர் அவர்.

அப்போது வேலூரில் தொழுநோயால் மடங்கிப்போன கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டிருந்த டாக்டர் பால் பிராண்ட், கை அறுவை சிகிச்சையை உட்கார்ந்துகொண்டே செய்யலாமே என்று அவருக்கு வழிகாட்டினார். மேரி வர்கீஸ் சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளைச் சரிசெய்தார். பிறகு நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, தன்னைப் போல அடிபட்டவர்களுக்கான அந்தத் துறையையே முன்னின்று நடத்தினார். 1972-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். 1986-இல் காலமானார். அவர் மறுபடியும் நடக்கவே இல்லை. நம் சாட்சிக் கூட்டங்களில் இந்த ஒரு வரியைச் சொல்லத் தயங்குகிறோம். சுகமானவர்களை மேடைக்கு அழைக்கிறோம், சுகமாகாமலே முப்பது வருடத்துக்கு மேல் உண்மையாக இருந்தவர்களை அழைப்பதில்லை.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். உன்னை இந்த வேலைக்குக் கொண்டுவருவதற்காகத்தான் தேவன் உன் கணவரை விழப் பண்ணினார் என்று என்னிடம் சொன்னவர்கள் உண்டு. நான் அதை ஏற்கவில்லை, இனியும் ஏற்கமாட்டேன். சாரம் சரியாகக் கட்டப்படவில்லை, அதனால் விழுந்தார். சகோதரரால் குழியில் போடப்பட்டு, அடிமையாக விற்கப்பட்ட யோசேப்பு பிறகு அதே சகோதரரிடம், நீங்கள் தீமை நினைத்தீர்கள், தேவன் அதை நன்மையாக முடியப் பண்ணினார் என்று சொன்னது உண்மைதான். ஆனால் கவனியுங்கள், தீமையை அவர் தீமை என்றே சொல்கிறார். அதுவும் பல வருடம் கழித்து, தன் வாயால் தானே சொல்கிறார். அவர் குழிக்குள் கிடந்தபோது யாரும் மேலே நின்று அந்த வசனத்தை அவருக்குப் பிரசங்கிக்கவில்லை. உங்கள் வீட்டுக்கு வந்து யாராவது அப்படிப் பிரசங்கித்தால், அதைச் சுமந்துகொண்டு திரிய வேண்டாம்.

யோசேப்பின் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அரண்மனை இல்லை, சிறைச்சாலை. செய்யாத குற்றத்துக்காக உள்ளே இருக்கிறார். ஒரு நாள் காலையில் கூட இருந்த இரண்டு கைதிகளைப் பார்த்து, இன்று உங்கள் முகம் ஏன் துக்கமாக இருக்கிறது என்று கேட்கிறார். அந்த ஒரு கேள்வியிலிருந்துதான் மற்றதெல்லாம் நடக்கிறது, அதுவும் உடனே இல்லை. தன் கனவுக்கு அவரிடம் அர்த்தம் தெரிந்துகொண்டவன் வெளியே போய் அவரை மறந்துவிட, இன்னும் இரண்டு வருடம் சிறையிலேயே போகிறது. தன் துக்கத்தின் நடுவில் அடுத்தவன் முகத்தைக் கவனித்தாரே, உண்மையாயிருப்பது என்றால் என்ன என்று யாராவது கேட்டால் நான் அதைத்தான் காட்டுவேன்.

எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்து தேவசகாயம் பிள்ளையும் அப்படித்தான். நாங்கள் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), அவர் கத்தோலிக்கப் புனிதர், ஆனாலும் ஆரல்வாய்மொழிப் பக்கம் போகும்போதெல்லாம் காற்றாடிமலையைப் பார்த்து அவரை நினைத்துக்கொள்வேன். 1745-இல் ஞானஸ்நானம் பெற்றார், 1749-இல் பிடிபட்டார், 1752 ஜனவரி 14 அன்று அந்த மலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். விசுவாசத்தில் வாழ்ந்த ஏழு வருடத்தில் ஏறக்குறைய மூன்று வருடம் விலங்கு பூட்டப்பட்ட கைதியாகவே போனது. குருவானவரும் இல்லை, பிரசங்க பீடமும் இல்லை. விலங்கில் இருந்த மனிதரைத் தேடி ஜனங்கள் வந்தார்கள் என்று எங்கள் பக்கம் இன்றைக்கும் சொல்வார்கள். 2022 மே 15 அன்று அவரைப் புனிதர் என்று அறிவித்தார்கள்.

சரி, தினசரி வாழ்க்கையில் இது எப்படி இருக்கும் என்று கேட்பீர்கள். நீண்ட ஜெபம் முடியாத நாட்களில் ஒரு சங்கீத வசனம் போதும். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று 13-ஆம் சங்கீதத்தில் இருக்கிறது. 88-ஆம் சங்கீதம் ஆறுதலான ஒரு முடிவு கூட இல்லாமல் நின்றுவிடுகிறது. அதையும் வேதத்தில்தானே வைத்திருக்கிறார்கள். அழுதுகொண்டு ஜெபிப்பது அவிசுவாசம் இல்லை. கோபத்தோடு ஜெபித்தாலும் அவரிடம்தானே பேசுகிறீர்கள்.

அப்புறம், கையில் இருக்கும் வேலையைச் சுத்தமாகச் செய்வது. என் கணவருக்குப் புண் வராமல் பார்த்துக்கொண்டதைக் கண்டு பக்கத்துத் தெருவிலிருந்து ஒரு அக்கா, தன் மாமியாருக்குப் புண் வந்துவிட்டது, வந்து பாரேன் என்று கூப்பிட்டார். இப்போது சபை பேதம், மத பேதம் இல்லாமல் பல வீடுகளுக்குப் போகிறேன். எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் 2008-லேயே இதற்கு அரசுக் கொள்கை வகுத்து, பஞ்சாயத்து வழியாக நர்சுகள் படுக்கையில் இருப்பவர்களின் வீடு தேடிப் போகிறார்கள். இந்தப் பக்கம் 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வலி தணிப்புச் சிகிச்சையும் இயன்முறைச் சிகிச்சையும் வீட்டுக்கே வருகின்றன. அப்பாவுக்காக உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரித்துப் பெயர் பதிந்துவிடுங்கள். என் கணவரும் சும்மா இல்லை. நாற்காலியில் இருந்தபடியே மற்ற கொத்தனார்களுக்குக் கல், சிமெண்ட், கம்பிக் கணக்குப் போட்டுக் கொடுக்கிறார். புதிதாக அடிபட்டவர்கள் யாராவது இருந்தால் போனில் நெடுநேரம் பேசுகிறார்.

கடைசியாக, எல்லாவற்றையும் தனியாகச் சுமக்காதீர்கள். என் மாமி, "மக்களே, நீ போய்ப் படு, நான் பாத்துக்கிடுதேன்" என்று முதல் தடவை சொன்னபோது மறுத்தேன், இரண்டாம் தடவை போய்ப் படுத்துவிட்டேன். இப்போது சனிக்கிழமை இரவுகளில் வாலிபர் சங்கத்துப் பையன்கள் இருவர் வந்து அவரைத் திருப்பிப் படுக்க வைக்கும் வேலையைப் பார்த்துக்கொள்கிறார்கள், நான் முழு இரவு தூங்குகிறேன். அவர்களாக வரவில்லை, போதகரிடம் நான் போய்க் கேட்டேன். நீங்களும் இந்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் உங்கள் போதகரிடம் போய், ஜெபம் மட்டும் போதாது, வாரத்துக்கு ஒரு இரவு அப்பாவுடன் இருக்க ஆள் வேண்டும் என்று நேராகவே கேளுங்கள்.