மைனஸ் பத்து என்று போட்டிருக்கிறது, ஆனாலும் குளிர்கிறதே?

மழையும் குளிரும் சேர்ந்த மலைப்பாதையில் இரவு தங்குவதற்கு எந்த ஸ்லீப்பிங் பேக் வாங்கலாம் என்று கேட்டுக் கடிதங்கள் குவிந்துவிட்டன. இந்த முறை முழுக்க அதுதான். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: நான் வாங்கிய பையின் மேல் ‘-10°’ என்று பெரிதாகப் போட்டிருந்தது. 3 டிகிரியிலேயே விடிய விடிய நடுங்கினேன். விற்றவரிடம் கேட்டால், “உங்கள் உடம்புவாகு அப்படி” என்கிறார். தப்பு என் மேலா?

உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. உடம்பிலும் கோளாறு இல்லை. அந்த மைனஸ் பத்து, பெரும்பாலும் தூங்குவதற்கான எண்ணே கிடையாது.

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த ஒரு எண்ணால் ஏமாந்தவர்களின் கடிதம் எனக்கு வராத மாதம் இல்லை. ஸ்லீப்பிங் பேக்கைச் சோதிக்க முதலில் இஎன் 13537 என்ற ஐரோப்பியத் தரநிலை இருந்தது. 2016-இல் அதன் இடத்துக்கு ஐஎஸ்ஓ 23537 வந்தது. மனித உடம்பு போலவே சூடேறும் ஒரு பொம்மைக்கு முழுநீள உள்ளாடையும் காலுறையும் போட்டு, அடியில் மேட் விரித்து, பைக்குள் படுக்கவைத்து, குளிர் அறையில் எவ்வளவு வெப்பம் வெளியேறுகிறது என்று அளக்கிறார்கள். அதிலிருந்து மூன்று எண்கள் பிறக்கின்றன. ‘கம்ஃபர்ட்’ என்பது சராசரிப் பெண் ஒருவர் உடம்பைத் தளர்த்தி நிம்மதியாகத் தூங்கக்கூடிய வெப்பநிலை. ‘லிமிட்’ என்பது சராசரி ஆண் ஒருவர் சுருண்டு படுத்து இரவைத் தாண்டக்கூடிய எல்லை. மூன்றாவது ‘எக்ஸ்ட்ரீம்’. அதன் பொருள், 6 மணி நேரம் வரை உயிர் தாங்கும், அதுவும் உடல்வெப்பம் ஆபத்தான அளவுக்கு இறங்கும் வாய்ப்போடு.

உயிர் தாங்கும் எண்ணைப் பெரிய எழுத்தில் வெளியே அச்சிட்டுவிட்டு, தூங்கும் எண்ணை உள்தையலில் இருக்கும் சின்னத் துணிப்பட்டையில் ஒளித்து வைப்பது வியாபாரத் தந்திரம் அல்ல, ஏமாற்று. அப்படித்தான் நானும் ஏமாந்தேன். என் முதல் பையின் மேல் ‘-16’ என்றிருந்தது. தண்ணீர் உறைய இன்னும் இரண்டு டிகிரி இருந்த ஓர் இரவில், முழங்காலை நெஞ்சோடு கட்டிக்கொண்டு, பல் கிட்டித்துப்போய்ப் படுத்திருந்தேன். தூக்கம் வராததால் டார்ச் அடித்துப் பையின் உட்பக்கத்தைத் துழாவினேன். ஜிப் ஓரத்தில், விரல் அகலத்துக்கு ஒரு வெள்ளைப் பட்டை. கம்ஃபர்ட் 4, லிமிட் -1, எக்ஸ்ட்ரீம் -16. மூன்றையும் வரிசையாகப் படித்தபோது வந்த கோபம் இன்னும் தணியவில்லை.

உங்கள் பையிலும் அந்தப் பட்டையைத் தேடுங்கள். எக்ஸ்ட்ரீம் -10 என்றால் கம்ஃபர்ட் ஏறத்தாழ 7, 8 டிகிரியில்தான் இருக்கும். மூன்று டிகிரியில் நடுங்காமல் என்ன செய்வது? பட்டையே இல்லை, தரநிலையின் பெயரும் இல்லை என்றால் வெளியே இருக்கும் எண்ணுக்கு எந்தச் சாட்சியும் இல்லை. இனி வாங்கும்போது கம்ஃபர்ட் எண்ணை மட்டும் பாருங்கள். போகும் இடத்தில் எதிர்பார்க்கும் மிகக் குறைந்த வெப்பநிலையைவிட அது ஐந்து டிகிரியாவது கீழே இருக்கட்டும். அந்தச் சோதனை அறையில் மழை கிடையாது, நாள் முழுக்க நனைந்து நடந்த களைப்பும் கிடையாது.

கேள்வி: நானும் கணவரும் ஒரே மாதிரி இரண்டு பை வாங்கினோம். அவர் குறட்டை விடுகிறார், எனக்குக் கால் விறைக்கிறது. எனக்கு வந்த பை மட்டும் பழுதா?

பழுது இல்லை. ‘லிமிட்’ எண்ணைப் பார்த்து வாங்கியிருப்பீர்கள். அது அவருக்கான எண், உங்களுக்கானது ‘கம்ஃபர்ட்’. இரண்டுக்கும் நடுவே ஐந்தாறு டிகிரி இருக்கும். எளிதில் குளிரும் உடம்பு என்றால் ஆண்களும் கம்ஃபர்ட்டையே பார்க்க வேண்டும். உடனே புதுப் பை வாங்க வேண்டாம். அடியில் தடிமனான மேட், தலைக்குக் கம்பளித் தொப்பி, படுக்கும் முன் வயிறு நிறையச் சாப்பாடு, மூடி கசியாத பாட்டிலில் வெந்நீர் நிரப்பிக் காலடியில். இவ்வளவுக்குப் பிறகும் குளிர்ந்தால் மாற்றுங்கள்.

கேள்வி: ஐந்து நாள் நடைப்பயணம். தினமும் மழை இருக்குமாம், இரவில் 2 முதல் 6 டிகிரி. டவுன் வாங்குவதா, சிந்தெடிக்கா?

தெளிவாக எழுதியிருக்கிறீர்கள். எத்தனை நாள், எவ்வளவு குளிர், எவ்வளவு மழை என்று எல்லோரும் இப்படிச் சொன்னால் என் வேலை பாதியாகும்.

டவுன் என்பது வாத்தின் நெஞ்சுப் பகுதியில், வெளி இறகுக்கு அடியில் இருக்கும் மென்தூவி. ஒவ்வொரு தூவியும் பஞ்சுருண்டை போல விரிந்து காற்றைப் பிடித்து வைக்கிறது. குளிரைத் தடுப்பது அந்தக் காற்றுதான், தூவி வெறும் கூடு. அதனால்தான் எடைக்கு எடை டவுனுக்கு ஈடு கிடையாது. ஆனால் நனைந்தால் கதையே வேறு. ஒரு முறை என் பையின் கால்பகுதி நனைந்துவிட்டது. காலையில் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். தையலால் பிரித்த ஒவ்வொரு அறையின் மூலையிலும் நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி. மீதி இடமெல்லாம் இரண்டு மெல்லிய துணிகள் மட்டும், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு. விரலை வைத்தால் மறுபக்கம் தெரிந்தது. வெயில் இல்லாத நாளில் அது காயவே காயாது.

சிந்தெடிக், அதாவது செயற்கை இழை அடைத்த பை, நனைந்தாலும் சூடு தரும் என்பார்கள். அதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். நனைந்த சிந்தெடிக்கிலும் குளிரத்தான் செய்யும். ஆனால் அதன் இழைகள் தண்ணீரை உறிஞ்சுவதில்லை. பிழிந்து உதறினால் ஓரளவு உப்பல் திரும்பும், சீக்கிரம் காயும். அதற்குத் தரும் விலை கூடுதல் எடையும், முதுகுப்பையில் அது அடைத்துக்கொள்ளும் இடமும். அழுத்தி அழுத்தி வைத்தால் சில வருடத்தில் உப்பலும் இறங்கிவிடும்.

நீர் ஒட்டாதபடி பதப்படுத்திய டவுன் என்று ஒன்று விற்கிறார்கள். அதையும் நம்பி வாங்கியவன் நான். பனி ஈரத்தையும் உடம்பு ஈரத்தையும் அது கொஞ்சம் தாமதப்படுத்தும், உண்மைதான். மழையில் ஊறினால் மற்ற டவுன் போலவே தோற்றுவிடும்.

உங்களுக்கு என் பதில்: சிந்தெடிக். ஓரிரு இரவு, அல்லது நடுவில் கூரையுள்ள இடத்தில் காயவைக்க வாய்ப்பு என்றால் டவுன் சொல்லியிருப்பேன். ஐந்து நாள் விடாத மழை, காயவைக்க வழியில்லை என்னும்போது எடையைப் பார்க்கக்கூடாது.

கேள்வி: முழுக்க வாட்டர்ப்ரூஃப் பை ஒன்று வாங்கிவிட்டால் தீர்ந்ததல்லவா?

தீராது. வெளியே இருக்கும் தண்ணீர் உள்ளே வராத துணியில், உள்ளே இருக்கும் ஈரமும் எளிதில் வெளியே போகாது. தூங்கும்போதும் தோலிலிருந்து ஈரம் ஆவியாகிக்கொண்டேதான் இருக்கும். 1911-இல் பிரிட்டிஷ் ஆய்வுப் பயணி ஸ்காட்டின் அண்டார்டிகா குழுவிலிருந்து மூன்று பேர், எம்பரர் பென்குயின் முட்டை எடுத்து வர நடுக்குளிர்காலத்தில் கேப் குரோசியர் என்ற முனைக்கு நடந்து போனார்கள். ஐந்து வாரம். அங்கே மழையே இல்லை. வியர்வையும் மூச்சும் பைக்குள் உறைந்து உறைந்தே, திரும்பி வரும்போது அவர்கள் படுத்த பைகளின் எடை ஏறத்தாழ இரண்டு மடங்கும் அதற்கு மேலும் ஆகியிருந்தது. தலையைப் பைக்குள் இழுத்துக்கொண்டு மூச்சு விடாதீர்கள் என்று நான் சொல்லிக்கொண்டே இருப்பதும் இதனால்தான். மழையைத் தடுப்பது கூடாரத்தின் வேலை.

கேள்வி: மிக நல்ல பையாகப் பார்த்து வாங்கிவிட்டேன், அதற்கே கையிருப்பு தீர்ந்தது. கீழே பிளாஸ்டிக் தாள் விரித்துப் படுத்தேன். முதுகு மட்டும் பனிக்கட்டி மாதிரி ஆகிவிட்டது. பையைத் திருப்பிக் கொடுக்கலாமா?

பை என்ன பாவம் செய்தது? உடம்புக்கு அடியில் சிக்கும் பகுதி நசுங்கிவிடுகிறது. நசுங்கினால் காற்று இல்லை, காற்று இல்லையென்றால் சூடு இல்லை. முதுகைக் காப்பது மேட் மட்டும்தான். பைக்கே எல்லாப் பணத்தையும் கொட்டுவதற்கு முன் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம்.

மேட்டில் ஆர்-வேல்யூ என்று ஓர் எண் இருக்கும். கூடக்கூடத் தரையின் குளிர் குறைவாக ஏறும். முன்பு ஒவ்வொரு நிறுவனமும் தன் போக்கில் அளந்தது. ஏஎஸ்டிஎம் எஃப்3340 என்ற பொதுச் சோதனை வந்த பிறகு ஒன்றோடொன்று ஒப்பிட முடிகிறது. ஈரத் தரை, பூஜ்யத்தை ஒட்டிய இரவு என்றால் 4-க்குக் குறையாமல் பாருங்கள். அவ்வளவு முடியாவிட்டால் சாதாரண ஃபோம் மேட் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாகப் போடுங்கள், இரண்டின் எண்ணும் கூடும். ஃபோம் விலை குறைவு, ஓட்டை விழாது, தண்ணீர் குடிக்காது. பையை வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மூன்று வருடமாகச் சுருக்குப்பைக்குள் அழுத்தியே வைத்திருந்தேன். இப்போது சப்பையாக இருக்கிறது. வாரண்டி கிடைக்குமா?

கிடைக்காது. வீட்டில் வைக்கும்போது பெரிய துணிப்பையில் தளர்வாக வைக்க வேண்டும். பெரும்பாலும் பையோடு வரும் காகிதத்திலேயே இருக்கும்.

கேள்வி: என் உயரம் 155 செ.மீ. தாராளமாக இருக்கட்டும் என்று 2 மீட்டர் உயரக்காரருக்கான பை வாங்கினேன். காலடி சூடாகவே மாட்டேன் என்கிறது.

காலியாக இருக்கும் இடத்தையும் உங்கள் உடம்புதான் சூடாக்க வேண்டும். உலர்ந்த துணிகளைக் காலடியில் திணித்து அடையுங்கள். அடுத்த முறை அளவு பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: உள்ளே பட்டு லைனர் என்ற மெல்லிய உள்ளுறை போட்டால் பத்துப் பதினைந்து டிகிரி கூடும் என்று விளம்பரம் செய்கிறார்களே?

நம்பாதீர்கள். பை அழுக்காகாமல் இருக்க நல்லது. மெல்லிய பட்டு அந்த அளவுக்குச் சூட்டைக் கூட்டாது.

கேள்வி: ‘90 சதவீதம் டவுன், 800 ஃபில் பவர்’ என்று சொல்லி விற்றார்கள். படுத்தால் ஏதோ குத்திக்கொண்டே இருந்தது. ஒரு தையல் பிரிந்தபோது பார்த்தேன், நறுக்கிய இறகும் பாலியெஸ்டர் பஞ்சும். “தையல் பிரிந்த பொருளை வாங்க மாட்டோம்” என்று விற்றவர் போனை வைத்துவிட்டார். சேர்த்து வைத்த பணம் ஐயா.

படித்ததும் மனசு கனத்துப்போனது. இது தேர்ந்தெடுக்கத் தெரியாமல் வந்த நஷ்டம் இல்லை, எழுத்தில் பொய் சொல்லி விற்றது. இதை விடாதீர்கள்.

முதலில் பையை அப்படியே வையுங்கள். தைக்கவும் வேண்டாம், துவைக்கவும் வேண்டாம். பிரிந்த தையல், வெளியே வந்த பஞ்சு, உள்ளிருக்கும் பொருள் விவரப் பட்டை, மூன்றையும் பகல் வெளிச்சத்தில் படம் எடுங்கள். விற்பனைப் பக்கத்தில் ‘90 சதவீதம்’ என்று இருக்கும் இடத்தையும் இன்றே படமாகச் சேமியுங்கள், நாளைக்கு மாற்றிவிடுவார்கள். பிறகு போனில் பேசாமல் எழுத்தில் மட்டும் கேளுங்கள்: சொன்ன பொருள் வேறு, வந்த பொருள் வேறு, இந்தத் தேதிக்குள் பணம் வேண்டும். கார்டில் கட்டியிருந்தால் வங்கியிடம் அதே படங்களோடு ஆட்சேபம் கொடுங்கள், அதற்குக் கெடு உண்டு. அதன் பிறகு நுகர்வோர் புகார். தையல் பிரிந்ததால் உள்ளே இருப்பது மாறிவிடவில்லை என்று அந்த முதல் கடிதத்திலேயே எழுதுங்கள்.

மற்றவர்களுக்கு: ஃபில் பவர் என்பது ஓர் அவுன்ஸ் டவுன் எத்தனை கன அங்குலம் உப்புகிறது என்ற அளவு. அது தரத்தைச் சொல்லும், உள்ளே எத்தனை கிராம் இருக்கிறது என்று சொல்லாது. இரண்டையும் கேளுங்கள். கிராம் கணக்கைச் சொல்லத் தயங்குபவரிடம் வாங்காதீர்கள். கையில் எடுத்துப் பார்க்க முடிந்தால் ஓர் அறையை விரல்களால் உருட்டுங்கள். குச்சி குச்சியாகத் தட்டுப்பட்டால் அது இறகுத் தண்டு. ஒன்றிரண்டு பரவாயில்லை, நிறைய என்றால் வேண்டாம்.

கேள்வி: டவுன் பையைச் சாதாரணச் சோப்புத்தூளில் துவைத்துக் கொடியில் போட்டேன். கட்டி கட்டியாக நிற்கிறது. தூக்கிப் போடுவதா?

தூக்கிப் போட வேண்டாம். ஆனால் ஈரப் பையைக் கொடியில் தொங்கவிட்டது பெரிய தவறு. நனைந்த டவுனின் கனத்தில் உள்ளே இருக்கும் மெல்லிய தடுப்புத் துணிகள் கிழியும். டவுனுக்கென்று விற்கும் சோப்பில், முன்பக்கம் திறக்கும் மெஷினில் மறுபடி துவைத்து, நிறைய முறை அலசுங்கள். இரண்டு கைகளாலும் அடியில் தாங்கி எடுங்கள். பெரிய டிரையரில் குறைந்த சூட்டில், சுத்தமான டென்னிஸ் பந்து இரண்டு மூன்று போட்டு ஓட்டுங்கள். பல மணி நேரம் ஆகும். காய்ந்தது போலத் தெரிந்த பிறகும் ஒவ்வொரு அறையையும் தடவுங்கள். ஒரு கட்டி மிஞ்சினாலும் உள்ளே ஈரம் இருக்கிறது என்று அர்த்தம்.

கேள்வி: முதுகுப்பைக்கு ரெயின் கவர் போட்டும் ஸ்லீப்பிங் பேக் நனைந்துவிட்டது. முதுகுப்பையை மாற்றணுமா?

மாற்ற வேண்டாம். முதுகு ஒட்டும் பக்கத்தை எந்த ரெயின் கவரும் மூடாது, மழை அந்த வழியாகத்தான் இறங்கும். ஸ்லீப்பிங் பேக்கோடு வரும் சுருக்குப்பையும் பெரும்பாலும் தண்ணீர் தாங்காது. வாய்ப்பக்கம் சுருட்டி மூடும் டிரை பேக் ஒன்று வாங்குங்கள், அல்லது கனமான பிளாஸ்டிக் பை இரண்டை ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டு, காற்றை வெளியேற்றி, வாயை முறுக்கி மடித்துக் கட்டுங்கள். கூடாரம் கட்டி, ஈர உடுப்பை மாற்றி, தரையைத் துடைத்த பிறகே வெளியே எடுங்கள். காலையில் முதலில் உள்ளே போக வேண்டியதும் அதுதான்.

கேள்வி: ஈரக் காலுறையைப் போட்டுக்கொண்டு படுத்தால் உடம்புச் சூட்டில் காய்ந்துவிடும் என்கிறார்களே, சரியா?

காலுறை காயலாம். அந்த ஈரம் உங்கள் பைக்குள்தான் போகும். தூங்குவதற்கென்றே ஒரு ஜோடி கம்பளிக் காலுறையை அந்த டிரை பேக்குக்குள்ளேயே வையுங்கள். காலையில் பழைய ஈரக் காலுறையை மாட்டும்போது உடம்பே கூசும். அப்போதும் உலர்ந்த ஜோடியைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள்.