குறைமாதக் குழந்தையின் சிறுநீரில் பூஞ்சைத் தொற்று வருவதற்கு அம்மாவின் சுத்தக் குறைவா காரணம்?

இல்லை. வீட்டில் யாரோ இப்படிச் சொல்லி உங்களை நோகடித்திருக்கிறார்கள் என்றுதான் தோன்றுகிறது. எனக்கும் நடந்தது. "நீ கையக் கழுவாம தொட்டிருப்ப" என்றார் என் நாத்தனார். அதுவரை என் மகளை நான் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்ததோடு சரி.

பிறந்தபோது அவள் ஒரு கிலோகூட இல்லை. அந்த எடையில் தோல் மெல்லிசு, எதிர்ப்புச் சக்தியும் சொற்பம். போதாததற்கு ஆன்டிபயாட்டிக், பெரிய ரத்தக்குழாயில் லைன் என்கிற மெல்லிய குழாய், அதன் வழியே கொழுப்புச் சத்து. உயிரைக் காப்பாற்றுகிற இவையேதான் கேண்டிடா பூஞ்சைக்கும் இடம் கொடுக்கின்றன. "பிரசவத்தில் தாயிடமிருந்தும் வருமே" என்று யாராவது கீழே எழுதுவார்கள். வரும்தான். கவனித்துக்கொள்பவர்களின் கையிலிருந்தும் வரும். நல்ல ஆரோக்கியமானவர்கள் உடம்பிலும் சும்மா இருக்கிற பூஞ்சை அது.

அவளுக்குக் காய்ச்சலே இல்லை. அடிக்கடி மூச்சு நின்றது, வயிறு உப்பியது, பிளேட்லெட் இறங்கியது. தோலில் ஒட்டும் பையில் பிடித்த சிறுநீரில் பூஞ்சை வளர்ந்தபோது டாக்டர் அதை நம்பவில்லை. தோலில் இருப்பதும் அதில் கலந்துவிடுமாம். மெல்லிய குழாய் விட்டு மறுபடி எடுத்தார்கள். அதிலும் அதே பூஞ்சை. அப்புறம் ரத்தத்திலும் பூஞ்சை வளர்கிறதா என்று பார்க்க ரத்தக் கல்ச்சர், முதுகுத் தண்டு நீர், கண் பரிசோதனை, சிறுநீரக ஸ்கேன். வலது சிறுநீரகத்தில் பூஞ்சை உருண்டை ஒன்று தெரிந்தது. அது சிறுநீரை அடைத்துவிடலாம் என்பதால் நர்ஸ்கள் ஒவ்வொரு டயப்பரையும் தராசில் வைத்து எடையைக் குறித்துக்கொண்டே இருந்தார்கள்.

லைனை எடுத்துவிட்டு ஃப்ளூகோனசோல் என்ற பூஞ்சை மருந்தைக் கொடுத்தார்கள். அது சிறுநீரில் நன்றாக இறங்கும். எல்லாப் பூஞ்சை மருந்தும் அப்படி இல்லை. ஃப்ளூகோனசோலுக்கு அடங்காத கேண்டிடா வகைகளும் உண்டு என்பதால் என் கதையை வைத்து உங்கள் டாக்டரோடு சண்டைக்குப் போகாதீர்கள். ரத்தக் கல்ச்சரும் சிறுநீரக ஸ்கேனும் எடுத்தாயிற்றா என்று மட்டும் கேளுங்கள். நான் டாக்டர் இல்லை.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்று, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். மகள் என்ஐசியுவில் (பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு) இருந்தபோதே என் பிரசவ விடுப்பு கரைந்துவிட்டது. நீட்டிக் கேட்டால், "குழந்தைதான் ஆஸ்பத்திரியில இருந்துச்சே, உங்களுக்கு ரெஸ்ட்தானே?" என்றார் மேலாளர். ராத்திரியெல்லாம் அலாரம் வைத்து எழுந்து பால் பிழிந்துகொண்டிருந்ததை அந்த ஆளிடம் என்னவென்று சொல்வது?