ஆடியில் தொடங்கும் ஆண்டு: குடியிருப்போர் நலச் சங்கம் பற்றிய கேள்வி பதில்

தென்சென்னைப் புறநகர் ஒன்றில் குடியிருப்போர் நலச் சங்கச் செயலாளராக நெடுங்காலம் இருந்தவன் என்ற உரிமையில் இந்தக் கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறேன். வந்தவற்றில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன். அண்டை வீட்டுக்காரரின் பெயரைப் போட்டு எழுதியவர்களுக்கு ஒரு சொல்: பெயர்களை எடுத்துவிட்டேன். நாளைக்கும் அதே தெருவில்தானே நீங்கள் இருவரும் நடக்க வேண்டும்?

மூன்று தெருக்கள் சேர்ந்து சங்கம் தொடங்க நினைக்கிறோம். பதிவு கட்டாயமா? வாட்ஸ்அப் குழு போதாதா? (குரோம்பேட்டை)

குப்பை வண்டி வந்ததா என்று கேட்க வாட்ஸ்அப் போதும். பணம் வசூலிக்கத் தொடங்கிவிட்டால் போதாது. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன்படி ஏழு பேர் சேர்ந்தால் சங்கத்தைப் பதிவு செய்யலாம். உறுப்பினர்கள் இருபது பேரை எட்டினாலோ, ஆண்டு வரவோ செலவோ பத்தாயிரம் ரூபாயை எட்டினாலோ பதிவு கட்டாயம். ஒரு பொங்கல் விழா நடத்தினாலே பத்தாயிரம் போய்விடும். ஆகவே மாவட்டப் பதிவாளர் அலுவலகத்துக்குப் போய்விடுங்கள்.

நிர்வாகக் குழுவில் குறைந்தது மூன்று பேர் இருக்க வேண்டும். பதவிக்காலம் மூன்று ஆண்டுகளைத் தாண்டக் கூடாது, மறுபடியும் தேர்ந்தெடுக்கப்படலாம். நிதியாண்டு முடிந்த ஆறு மாதத்துக்குள் ஆண்டுப் பொதுக்குழு கூட வேண்டும். அதாவது செப்டம்பருக்குள். இந்தக் கெடுவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே மழை பற்றிச் சொல்லும்போது இது உதவும்.

துணைவிதிகளை யாரிடமிருந்தோ வாங்கி அப்படியே தட்டச்சு செய்யாதீர்கள். தனி வீடுகள் மட்டுமே உள்ள ஒரு தெருச் சங்கத்தின் துணைவிதியில் 'மின்தூக்கிப் பராமரிப்பு' என்று ஒரு பிரிவு இருந்ததைப் பார்த்திருக்கிறேன். உங்கள் எல்லைக்குள் வரும் தெருக்களின் பெயர்களை ஒன்று விடாமல் எழுதுங்கள். 'சுற்றுப்புறப் பகுதிகள்' என்று பொத்தாம்பொதுவாக எழுதினால், நாளைக்குப் பக்கத்து நகரோடு எல்லைத் தகராறு வரும்.

காலி மனைக்காரர்கள் சந்தாவே தருவதில்லை. என்ன செய்வது? (மேடவாக்கம்)

கேட்டுக்கொண்டே இருங்கள். அவர்களுக்குப் பொதுக்குழு அழைப்பிதழைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், மனையில் மண்டிய புதரின் படத்தையும் இணைத்து. தன் மனையில் பாம்பு நுழைந்ததாகத் தெரு முழுக்கப் பேச்சு என்று கேள்விப்பட்டால், வெளியூரில் இருப்பவரும் பணம் அனுப்பிவிடுவார்.

மழைக்கால ஏற்பாடுகளை எப்போது தொடங்க வேண்டும்? எங்கள் சங்கத்தில் ஐப்பசியில்தான் கூட்டமே போடுகிறார்கள். (பள்ளிக்கரணை)

பள்ளிக்கரணையில் இருந்துகொண்டு ஐப்பசியில் கூட்டமா? சதுப்பு நிலத்தை ஒட்டிக் குடியிருப்பவர்கள் ஆடியிலேயே தொடங்க வேண்டும்.

வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் மூன்றாவது வாரம் தொடங்கும். சென்னையின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அந்த மூன்று மாதத்தில்தான் கொட்டுகிறது. 2015 டிசம்பரையும், மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரையும் பார்த்தவர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. அக்டோபரில் எழுதும் மனு, அதே மாதிரி நூற்றுக்கணக்கான மனுக்களோடு ஒன்றாகப் போய்ச் சேரும். ஆகஸ்டில் எழுதும் மனுவுக்குப் பொறியாளர் நேரில் வந்து பார்க்க நேரம் இருக்கும். ஆண்டுப் பொதுக்குழுவையும் ஆகஸ்டிலேயே வைத்துவிட்டால், சட்டத்தின் கெடுவும் தீரும், மழை வேலைக்கு ஆட்களும் கிடைப்பார்கள்.

முதல் வேலை, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நான்கைந்து பேர் தெருவை நடந்து பார்ப்பது. கையில் சுண்ணாம்புக் கட்டியும் ஒரு இரும்புக் கம்பியும் போதும். சாலையோரத்தில் மழைநீர் வடிகாலுக்குள் தண்ணீர் இறங்கும் துளைகள் இருக்கும். பாதி வீடுகளுக்கு எதிரே அவை வாகனம் ஏற்றும் சரிவுக்காகப் பூசி மூடப்பட்டிருக்கும். மீதியில் மண்ணும், பால் உறையும், காய்ந்த வேப்பிலையும் அடைத்திருக்கும். கம்பியை விட்டுப் பாருங்கள். உள்ளே தடையில்லாமல் போனால் டிக் போடுங்கள்; முட்டி நின்றால் வட்டம் போடுங்கள். அந்த வட்டங்களைப் படம் எடுத்து, வீட்டு எண்ணோடு மனுவில் சேருங்கள். 'எங்கள் பகுதியில் தண்ணீர் தேங்குகிறது' என்ற மனுவுக்கும், 'இன்னின்ன எண்ணுள்ள வீடுகளுக்கு எதிரே உள்ள துளைகள் அடைபட்டுள்ளன' என்ற மனுவுக்கும் வரும் பதிலே வேறு.

இரண்டாவது, மழைநீர் சேகரிப்புத் தொட்டி. 2003-இல் தமிழ்நாடு முழுவதும் கட்டாயமாக்கியபோது எல்லோரும் கட்டினார்கள். அதற்குப் பிறகு மூடியைத் திறந்தவர்கள் எத்தனை பேர்? திறந்து, கூழாங்கல்லையும் மணலையும் வெளியே எடுத்து, கல்லைக் கழுவி, மணலை மாற்றிப் போட வேண்டும். களிமண் படிந்த மணல் தண்ணீரை இறக்காது. தெருவில் பத்து வீட்டுக்குச் சேர்த்து ஆள் பிடித்தால் கூலி குறையும். மொட்டை மாடியைக் கூட்டுவதும் இதோடு சேர்ந்ததுதான். மாடியில் போட்டு வைத்த உடைந்த பூத்தொட்டிகள் அன்று கீழே இறங்கட்டும்.

மூன்றாவது, ஒரு பட்டியல். தனியாக வசிக்கும் முதியவர்கள், டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள், பேறுகாலத்தில் இருக்கும் பெண்கள், மாடி வீட்டில் இடம் தரத் தயாராக இருப்பவர்கள். இதைக் காகிதத்தில் எழுதி மூன்று பேர் வைத்திருக்க வேண்டும். மின்சாரம் போய்க் கைபேசி அணைந்த பிறகுதான் இந்தப் பட்டியல் தேவைப்படும். சென்னை மாநகராட்சிப் புகார் எண் 1913, மின்வாரியப் புகார் மையமான மின்னகம் 94987 94987, குடிநீர் வாரியம் 1916 என்பவற்றையும் அதிலேயே எழுதிவிடுங்கள். குரோம்பேட்டை, பல்லாவரம் நண்பர்களே, நீங்கள் 2021 முதல் தாம்பரம் மாநகராட்சி. 1913-ஐ அழைத்து நேரத்தை வீணாக்காதீர்கள்.

வெள்ளத்தில் மூழ்காமலிருக்க வேளச்சேரி மேம்பாலத்தில் காரைக் கொண்டுபோய் நிறுத்துவது பற்றியும் ஒருவர் கேட்டிருக்கிறார். ஊரே செய்கிறது, நான் தடுக்கவா முடியும்? ஆம்புலன்ஸ் போக ஒரு பக்கம் வழி விடுங்கள் என்று மட்டும் சொல்வேன்.

ஒரு வீட்டுக்காரர் கழிவுநீர்க் குழாயை மழைநீர் வடிகாலில் இணைத்துவிட்டார். கேட்டால் சண்டைக்கு வருகிறார். (பெயர், ஊர் வேண்டாம் என்றார்)

தெருவுக்கு ஒருவர் இப்படி இருப்பார். தனிநபராக நீங்கள் போய்க் கேட்காதீர்கள். சங்கத் தீர்மானமாக, 'எந்த வீட்டிலிருந்தும் மழைநீர் வடிகாலில் கழிவுநீர் விடக் கூடாது' என்று பொதுவாக எழுதி எல்லா வீடுகளுக்கும் கொடுங்கள். முப்பது நாள் அவகாசம் தாருங்கள். அதன் பிறகு மாநகராட்சிக்கு எழுதுங்கள்; இணைப்பைத் துண்டிக்கவும் அபராதம் விதிக்கவும் அவர்களுக்கு அதிகாரம் உண்டு. பாதாளச் சாக்கடை இன்னும் வராத பகுதியாக இருந்தால், அவரை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. கழிவுநீர் லாரிக்கு எல்லோரும் சேர்ந்து முறை வைத்துச் சொல்லிப் பாருங்கள், அவருடைய செலவும் குறையும்.

தெரு முனையில் பிள்ளையார் வைக்கச் சங்க நிதியிலிருந்து பணம் எடுக்கலாமா? (மடிப்பாக்கம்)

கூடாது. சந்தா கொடுப்பவர்களில் எல்லா மதத்தினரும் இருக்கிறார்கள், எந்த மதமும் இல்லாதவர்களும் இருக்கிறார்கள். விநாயகர் சதுர்த்திக்கும் கிறிஸ்துமஸுக்கும் நோன்புக் கஞ்சிக்கும் தனி நோட்டு, தனி ரசீது, விருப்பப்பட்டவர்களிடம் மட்டும் வசூல். மிச்சப்பட்டால் அடுத்த ஆண்டு அதே விழாவுக்கு. இந்த ஒரு விதியைக் கறாராக வைத்துக்கொண்டால் பாதிச் சண்டைகள் பிறக்கவே பிறக்காது.

பொது இடத்தில் சிலை வைக்கக் காவல் துறை வழியாக முன் அனுமதி தேவை. பீடத்தோடு சேர்த்துப் பத்து அடிக்கு மேல் போகக் கூடாது. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் சிலை கூடாது, களிமண்தான். பட்டினப்பாக்கம், நீலாங்கரை, காசிமேடு, திருவொற்றியூர் என்று காவல் துறை குறிக்கும் இடத்தில், குறித்த நாளில்தான் கரைக்க வேண்டும். என்னைக் கேட்டால், இரண்டடிக் களிமண் பிள்ளையார் போதும். தெருப் பிள்ளைகளே அவரைத் தூக்கிப் போவார்கள், லாரி வாடகை மிச்சம்.

நவராத்திரிக்குச் சங்கம் ஏதாவது செய்யலாமா? (நங்கநல்லூர்)

கொலு வைத்திருக்கும் வீடுகளின் பட்டியலும் நேரமும் போதும். ஒரு நாளைக்கு மூன்று வீடு, ஆறரை முதல் எட்டு மணி வரை. புதிதாகக் குடிவந்த வாடகை வீட்டுப் பெண்களைக் கட்டாயம் அழைத்துப் போங்கள். ஒரு சுண்டல் பொட்டலத்தோடு தொடங்கும் பழக்கம் மற்ற அழைப்புகளில் கிடைக்காது. போட்டி, பரிசு எல்லாம் வேண்டாம். யார் வீட்டுக் கொலு அழகு என்று மதிப்பெண் போடப் போனால் அடுத்த ஆண்டு கதவு திறக்காது.

தீபாவளிப் பட்டாசு நேரம் பற்றி அறிவிப்புப் பலகையில் எழுதலாமா?

எழுதுங்கள். தமிழ்நாட்டில் 2018 முதல் காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8 என்று அரசு அறிவித்து வருகிறது. யாரும் முழுமையாகக் கடைப்பிடிப்பதில்லை என்பதும் தெரிந்ததே. பட்டாசுக் குப்பையைத் தனிச் சாக்கில் கட்டி வையுங்கள், வீட்டுக் குப்பையோடு கலக்க வேண்டாம். அது வேறு வண்டியில் போக வேண்டிய குப்பை.

மார்கழியில் விடியற்காலை நான்கரை மணிக்கே ஒலிபெருக்கி. தேர்வுக்குப் படிக்கும் பிள்ளை இருக்கிறாள். சொன்னால் பக்தி இல்லாதவள் என்கிறார்கள். (ஆதம்பாக்கம்)

அம்மா, ஒலி மாசு விதிகள், 2000-இன்படி இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை வெளியிடத்தில் ஒலிபெருக்கி கூடாது. விழாக்களுக்காக மாநில அரசு தளர்த்தினாலும், ஆண்டுக்குப் பதினைந்து நாளுக்கு மிகாமல், நள்ளிரவு 12 வரைதான். விடியற்காலைக்குத் தளர்வே கிடையாது. ஆகவே சட்டம் உங்கள் பக்கம்.

ஆனால் முதலில் சட்டத்தைக் காட்ட வேண்டாம். கோயில் நிர்வாகிகளிடம், சங்கத் தலைவரையும் திருப்பாவை மனப்பாடமாகத் தெரிந்த இரண்டு பாட்டிகளையும் அழைத்துக்கொண்டு போங்கள். வெளியே உள்ள குழாய் ஒலிபெருக்கியைக் கழற்றி, உள்ளே சிறிய பெட்டி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். 'ஆண்டாள் தோழியரை வாசலில் வந்து எழுப்பினாள், கம்பத்தில் கட்டி அல்ல' என்று ஒரு பாட்டி சொன்னால் போதும், பக்தி இல்லை என்ற பேச்சு நின்றுவிடும். அதற்கும் மசியவில்லையென்றால் காவல் நிலையத்தில் எழுத்துமூலம் புகார் கொடுங்கள்.

போகியன்று டயர் எரிப்பதைத் தடுப்பது எப்படி? (மீனம்பாக்கம்)

2018 போகிப் புகையில் சென்னை விமான நிலையத்தில் விமானங்கள் இறங்க முடியாமல் திரும்பின. உங்கள் பகுதிக்கு இதை நன்றாகவே நினைவிருக்கும். அன்று காலை ஐந்து மணிக்குப் போய்த் தடுக்க முடியாது. அதற்கு முந்தைய வாரமே பொருள்களை வாங்கிவிட வேண்டும். பழைய துணி, பாய், மெத்தை, டயர் எல்லாவற்றையும் ஒரு வீட்டு வாசலில் சேர்த்து மாநகராட்சி வண்டியில் ஏற்றிவிடுங்கள். பிள்ளைகளுக்குப் போகி மேளம் மட்டும் வாங்கிக் கொடுங்கள். அவர்களுக்கு வேண்டியது சத்தம்தான். வறட்டி, ஓலை கொண்டு ஒரே இடத்தில் சின்ன நெருப்பு மூட்டினால் பெரியவர்களுக்கும் மனம் ஆறும்.

பொங்கல் கோலப் போட்டி ஒவ்வோர் ஆண்டும் சண்டையில் முடிகிறது. (தாம்பரம், சேலையூர், போரூர்: மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள்)

புள்ளிக் கோலத்தையும் வண்ண ரங்கோலியையும் ஒரே பிரிவில் வைத்திருப்பீர்கள். மயில் போட்டவருக்குப் பரிசு கிடைக்கும். இருபத்தொரு புள்ளி வைத்துக் கையெடுக்காமல் சிக்குக் கோலம் போட்ட அம்மாள் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார், மருமகள் சண்டைக்கு வருவார். பிரிவை இரண்டாக்குங்கள்.

முந்தைய நாள் மாலையே தெருவைக் கழுவி, நான்கடிக்கு நான்கடி என்று கட்டம் போட்டு எண் எழுதிவிடுங்கள். மரத்தடியில் கட்டம் வேண்டாம், காக்கை விடாது. யாருக்கு எந்தக் கட்டம் என்பது சீட்டுக் குலுக்கலில். நேரம் ஒன்றரை மணி. அரிசி மாவோ கோலப்பொடியோ அவரவர் விருப்பம், ஆனால் அச்சு, சல்லடைக் குழல் எல்லாம் கூடாது. நடுவர் பக்கத்துத் தெருவிலிருந்து வரட்டும், கோலம் போட்டவர்கள் எல்லோரும் நகர்ந்த பிறகு வரட்டும். சங்கத் தலைவரின் மனைவி போட்டியில் கலந்துகொள்ள வேண்டாம். இதை எழுத்தில் போட முடியாது, தலைவரே புரிந்துகொள்ள வேண்டும்.

பரிசு எவர்சில்வர் பாத்திரமாக இருக்கட்டும். கலந்துகொண்ட எல்லோருக்கும் ஒரு கிண்ணம், வென்றவர்களுக்குச் சற்றுப் பெரியது. உறியடியை மாலைக்கு வையுங்கள். கயிற்றைக் கட்டும் இடத்துக்கு மேலே மின்கம்பி போகிறதா என்று ஒருமுறை நிமிர்ந்து பாருங்கள்.

பழைய பொருளாளர் இரண்டு ஆண்டுக் கணக்கு காட்டவில்லை. புதிய குழு என்ன செய்ய வேண்டும்? வரி ஏதாவது உண்டா? (பெருங்குடி)

முதலில் வங்கியிலிருந்து அந்த இரண்டு ஆண்டுக் கணக்கு அறிக்கையை வாங்குங்கள். வங்கி வழியாகப் போன பணம் அதிலேயே தெரிந்துவிடும். மிஞ்சுவது கையிருப்பு மட்டும். அதற்கு எழுத்தில் கேளுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள், பொதுக்குழுவில் வையுங்கள். திருடன் என்ற சொல் யார் வாயிலும் வர வேண்டாம். பெரும்பாலான இடங்களில் ரசீதுக் கட்டு பரணில் கிடக்கும்.

வரி: உறுப்பினர்கள் தங்களுக்காகத் தாங்களே போடும் சந்தாவுக்கு வருமான வரி இல்லை. வங்கி வைப்புத்தொகையின் வட்டிக்கு உண்டு. அடுக்குமாடிச் சங்கங்களுக்கு, மாதப் பராமரிப்புக் கட்டணம் ஓர் உறுப்பினருக்கு 7,500 ரூபாய்க்குள் இருக்கும் வரை ஜிஎஸ்டி கிடையாது. உங்களுடையது தனி வீடுகள், மாதம் இருநூறு ரூபாய்ச் சந்தா. கவலையை விடுங்கள்.

இனிமேல் மாதம் ஐந்தாம் தேதி வரவு செலவை ஒரே தாளில் எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். 'இரண்டு துடைப்பம்: 180 ரூபாய்' என்பது வரை இருக்க வேண்டும். துடைப்பம் விலை அதிகம் என்று யாராவது கேட்டால், அவரையே அடுத்த மாதம் வாங்கி வரச் சொல்லுங்கள்.

பூங்காவைச் சீரமைக்கச் சங்கத்திடம் போதிய பணம் இல்லை. அரசு உதவி கிடைக்குமா? (கொளத்தூர்)

'நமக்கு நாமே' திட்டத்தைப் பாருங்கள். பொதுவாக மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் போட்டால், மீதியை அரசு தரும். மாநகராட்சி மண்டல அலுவலகத்தில் மனு கொடுக்க வேண்டும். மாமன்ற உறுப்பினரை முதலில் பார்த்துவிட்டுப் போங்கள். 2022 நவம்பர் முதல் நகர்ப்புறங்களில், வார்டு மக்கள் கூடிக் குறைகளைப் பேசும் பகுதி சபைகளும் கூடுகின்றன. அங்கேயும் எழுந்து பேசுங்கள். பத்துப் பேராகப் போனால் கேட்பார்கள்.

எங்கள் சங்க வாட்ஸ்அப் குழுவில் காலை வணக்கப் படங்களும் அரசியலும்தான். தண்ணீர் வராத செய்தி எங்கேயோ புதைந்துபோகிறது. (அம்பத்தூர்)

இரண்டு குழு வையுங்கள். ஒன்றில் செயலாளரும் தலைவரும் மட்டும் எழுத முடியும்: மின்தடை, குடிநீர், கூட்டம், இரங்கல். மற்றொன்றில் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் போடட்டும், ரோஜாப்பூ உட்பட. முதல் குழுவில் எல்லோரும் இருக்கிறார்களா என்று புரட்டாசி பிறப்பதற்குள் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். வீடு மாறிப் போனவர்களின் எண்களை நீக்கி, புதிதாக வந்தவர்களைச் சேருங்கள். கைபேசி பார்க்காத பெரியவர்களுக்கு எதிர்வீட்டுப் பிள்ளை யாரையாவது பொறுப்பாகப் போடுங்கள்.