1569-இல் வடக்கு இங்கிலாந்துப் பிரபுக்களின் கிளர்ச்சி ஏன் தோற்றது?

இங்கிலாந்தின் புராட்டஸ்டன்ட் அரசி முதலாம் எலிசபெத்துக்கு எதிராகக் கத்தோலிக்கப் பிரபுக்கள் 1569-இல் எழுந்ததற்கு மதம்தான் காரணமா, அது ஏன் ஒரே மாதத்தில் அடங்கியது என்று கேட்டிருக்கிறீர்கள். மதப்பற்று உண்மையானதுதான், ஆனால் அந்த நவம்பரில் அவர்களை எழ வைத்தது அச்சமே என்பது என் கருத்து.

நார்தம்பர்லாந்து பிரபு தாமஸ் பெர்சியும் வெஸ்ட்மார்லாந்து பிரபு சார்லஸ் நெவிலும் ஸ்காட்லாந்து எல்லைப்புறத்தில் தலைமுறைகளாகச் செல்வாக்குடன் வாழ்ந்த குடும்பத்தினர். எலிசபெத்தின் ஆட்சியில் எல்லைக் காவல் பதவிகள் பெர்சியின் கையை விட்டுப் போயின. அவருடைய நிலத்துச் செம்பையும், அதில் அரசுக்குரிய பொன்னும் வெள்ளியும் கலந்திருப்பதாகக் கூறி அரசு எடுத்துக்கொண்டது. 1568-இல் நீதிமன்றமும் அரசிக்குச் சாதகமாகவே தீர்ப்பளித்தது. அதே ஆண்டு அடைக்கலம் தேடி வந்த கத்தோலிக்கரான ஸ்காட்லாந்து அரசி மேரியை நார்ஃபோக் கோமகனுக்கு மணமுடிக்கும் திட்டம் 1569-இல் வெளிப்பட்டுவிட, கோமகன் லண்டன் கோபுரச் சிறையில் அடைபட்டார். எழ வேண்டாம் என்று தம் மைத்துனர் நெவிலுக்கு அவர் முன்னரே சொல்லியனுப்பியிருந்தார்.

இந்நிலையில்தான் அரசவைக்கு வருமாறு பெர்சி, நெவில் இருவருக்கும் ஆணை வந்தது. தம்மைப் பிடிக்கப் படை வருகிறது என்று நம்பிய பெர்சி, டாப்கிளிஃபில் இரவில் ஆலய மணி ஒலித்ததும் வீட்டை விட்டு ஓடினார். நெவிலின் பிரான்ஸ்பெத் கோட்டையில் கூடியவர்கள் கலைந்துவிடலாமா என்று தயங்கியபோது, இனி ஒளிவதற்குப் பொந்து தேட வேண்டியதுதானா என்று நெவிலின் மனைவி அழுதார். நவம்பர் 14 அன்று டர்ஹாம் பேராலயத்தில் நுழைந்து, ஆங்கில விவிலியத்தையும் செபப் புத்தகத்தையும் கிழித்தெறிந்து, இலத்தீன் திருப்பலி நிறைவேற்றினார்கள். இயேசுவின் ஐந்து திருக்காயங்கள் பொறித்த கொடியை முதியவர் ரிச்சர்டு நார்ட்டன் ஏந்திச் சென்றார்.

மக்கள் ஆதரவு இல்லாமல் அவர்கள் தோற்கவில்லை. ஏறத்தாழ ஆறாயிரம் பேர் திரண்டனர். பின்னர் பார்னார்டு கோட்டையை முற்றுகையிட்டபோது, அதைக் காக்க வேண்டிய வீரர்களில் 226 பேர் ஒரே நாளில் மதிலைத் தாண்டிக் குதித்துக் கிளர்ச்சியாளர்களுடன் சேர்ந்தார்கள் என்று கோட்டைத் தலைவர் ஜார்ஜ் போவ்ஸே எழுதியிருக்கிறார். குதித்ததில் 35 பேருக்குக் கழுத்தோ கையோ காலோ முறிந்ததாம்! குறை தலைமையிடம்தான் இருந்தது. யார்க் நகரைத் தாக்காமல், மேரியை விடுவிக்கப் பிராமம் மூர் வரை தெற்கே சென்றார்கள்; டட்பரியில் காவலில் இருந்த அவரை அரசு கோவென்ட்ரிக்கு மாற்றிவிட்டதும் போக இடமில்லாமல் திரும்பினார்கள். நெதர்லாந்திலிருந்த ஸ்பானியத் தளபதி ஆல்பா படை அனுப்பவில்லை. லங்காஷயரின் கத்தோலிக்கர்களும் அசையவில்லை. தெற்கிலிருந்து பெரும்படை நெருங்கவே, டிசம்பர் நடுவில் தலைவர்கள் ஸ்காட்லாந்துக்குத் தப்பினார்கள்.

தண்டனை ஏழைகள் மீதே அதிகம் விழுந்தது. நிலபுலன் உள்ளவர்களிடமிருந்து சொத்தைப் பறிக்கலாம் என்பதால் பலர் தூக்கிலிருந்து தப்பினர். பெர்சியை ஸ்காட்லாந்துக்காரர்கள் 2,000 பவுண்டுக்கு விற்க, 1572-இல் யார்க்கில் அவர் தலை வெட்டப்பட்டது. முடிசூடிய அரசிக்கு எதிராக வாளெடுப்பது முறையா என்று தயங்கிய கத்தோலிக்கர்களுக்கு விடைபோல, எலிசபெத்தைத் திருச்சபையிலிருந்து விலக்கித் திருத்தந்தை ஐந்தாம் பயஸ் ஆணை பிறப்பித்தது 1570 பிப்ரவரியில். அதற்குள் பிரபுக்கள் கைவிட்டு ஓடிய படையில் பலர் தூக்கில் தொங்கியிருந்தனர்.